25,000 ரூபா தண்டமும் 250 ரூபா கடவைக் காவலாளியும்

"ஸ்பொட் ஃபைன் எழுதிப்போட்டாங்கள்" என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னால், எங்கள் ஊர்களில் முதலில் எழும் கேள்வி "என்ன பிழை விட்டனி?" என்பதாக இருப்பதில்லை. "ஆர் மறிச்சது? எங்க வைச்சு மறிச்சவங்கள்?" என்பதாகவே இருக்கும். அடுத்த கேள்வி, எவ்வளவு என்பது. ஓடியவர் எந்த வேகத்தில் ஓடினார், தலைக்கவசம் தலையில் இருந்ததா ஹாண்டிலில் தொங்கியதா என்பதெல்லாம் பேச்சுக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

இதை வெறும் பொறுப்பின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. முப்பது ஆண்டுகளாக வீதியில் மறிக்கப்படுவது என்றால் அடையாள அட்டை, பொதி, முகம், ஊர் ஆகியவற்றுக்கான விசாரணை என்று வாழ்ந்த சமூகம் இது. மறிப்பவரின் கையில் இருப்பது வேகமானி என்பதை மூளை ஏற்றுக்கொண்டாலும் வயிறு ஏற்றுக்கொள்ள நேரமெடுக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள் தண்டப்பணம் எங்கேயோ போய்விட்டது. வீதி மரணங்களும் போய்விட்டன. இலங்கையில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் வீதியோரம் நடந்தவர்களும். வடக்கில் எந்த வீட்டு வாசலிலும் நிற்பது மோட்டார் சைக்கிள்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு, எப்போதிருந்து?

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அது பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. இன்றைய தொகைகளின் கதை 2016 நவம்பரில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், சில பாரதூரமான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா தண்டம் என்று முன்மொழியப்பட்டது. தனியார் பஸ் சங்கங்கள் டிசெம்பரில் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. முச்சக்கரவண்டிக்காரர்களும் எதிர்த்தனர். குழு அமைக்கப்பட்டது, பேச்சு நடந்தது, விடயம் இழுபட்டது.

பிறகு இரண்டு கட்டமாக அது வந்து சேர்ந்தது. 2018 யூலை 15 முதல் 33 வகைக் குற்றங்களுக்கான உடனடித் தண்டப்பணம் உயர்த்தப்பட்டது. அதில் எங்களைப் போன்றவர்களை அதிகம் தொடுவது வேகம். அனுமதிக்கப்பட்ட வேகத்தை 20 சதவீதம் வரை தாண்டினால் 3,000 ரூபா, 30 வரை 5,000, 50 வரை 10,000, அதற்கு மேல் 15,000 என்று படிப்படியாக ஏறுகிறது. தலைக்கவசம் இல்லையென்றால் 1,000 ரூபா. 2019இல் சட்டமே திருத்தப்பட்டது. மதுபோதையில் ஓட்டுதல், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுதல், அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்து ஓட்டுவித்தல், காப்புறுதி இல்லாமல் ஓட்டுதல், புகையிரதக் கடவையில் விதியை மீறுதல் ஆகியவற்றுக்கு நீதவான் விதிக்கும் தண்டம் 25,000 ரூபாவில் தொடங்குகிறது. இவற்றுக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட முடியாது. நீதிமன்றம் போயே ஆகவேண்டும்.

இந்த இரண்டு வகையையும் குழப்பிக்கொள்வதால் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். "கோட்டுக்குப் போனால் இருபத்தைஞ்சு, இங்கையே முடிச்சால் ஐஞ்சு" என்று யாராவது சொன்னால் அது சலுகை அல்ல, இலஞ்சம். வாங்குபவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் அது குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. பொலிஸாரின் நடத்தை தொடர்பில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு 1960.

வேகத்தைப் பற்றி ஒன்று. காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நகரப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. முச்சக்கரவண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் எங்கேயும் 40தான். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு 100இல் பறக்கும் வாகனம், 70இல் 50 சதவீதத்தைத் தொட மயிரிழையில் நிற்கிறது. 105ஐத் தாண்டினால் 15,000.

பதினான்கு நாள் கணக்கு

பொலிஸார் தண்டச் சீட்டை எழுதும்போது அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்த 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைச் சீட்டு எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டி, அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறவேண்டும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பாகும். 28 நாளும் தாண்டினால் வழக்கு.

கேட்பதற்கு எளிது. பருத்தித்துறையிலிருந்து வவுனியாவுக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் ஒருவரை மாங்குளத்தில் மறித்தால், அவர் பணத்தைத் தன் ஊரிலேயே கட்டலாம்; அனுமதிப்பத்திரத்துக்காக மாங்குளத்துக்குத் திரும்ப வரவேண்டும். ஒரு நாள் உழைப்பும் பெற்றோல் காசும் தண்டத்துக்கு மேலதிகமாகப் போகும். நாட்கூலிக்காரர்கள் பலர் "பிறகு பாப்பம்" என்று விட்டுவிடுவதும், 3,000 ரூபா 6,000 ஆவதும், அது வழக்காகி அழைப்பாணை வருவதும் இப்படித்தான். அழைப்பாணைக்கும் போகாமல் விட்டால் பிடியாணை வரும். சிறு பிழையொன்று பிடியாணை வரை வளர்வதில் அரைவாசிப் பங்கு இந்த அலைச்சலுக்கு உண்டு என்பது என் கருத்து.

இதற்கு ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது. கவ்பே என்ற அரசாங்க இணையக் கட்டண முறையின் ஊடாக, வீதியில் நின்றபடியே தொலைபேசியில் தண்டத்தைச் செலுத்தி அனுமதிப்பத்திரத்தைக் கையோடு பெறும் முறை 2025 ஏப்ரலில் குருநாகல் - அநுராதபுரம் வீதிப் பகுதியில் பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக மற்ற மாகாணங்களுக்கு விரிக்கப்பட்டு வருகிறது. மறிக்கப்பட்டால் "கவ்பேயில் கட்டலாமா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காசு கைக்குக் கை மாறாத இடத்தில் பேரம் பேசவும் இடமிராது.

எழுதப்பட்ட குற்றம் பிழை என்று நினைத்தால் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். கட்டாமல் விட்டால் வழக்கு நீதவான் நீதிமன்றம் போகும், அங்கே மறுத்து வாதாடலாம். ஆனால் இது சும்மா விட்டுவிடுவது அல்ல. அழைக்கப்படும் நாளில் போய் நிற்கவேண்டும். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

மொழிப் பிரச்சினையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். என்ன குற்றத்துக்காகச் சீட்டு எழுதப்படுகிறது என்பதை உங்களுக்கு விளங்கும் மொழியில் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்து, பிறகு யாரிடமோ வாசிப்பித்து "நான் செய்தது இது இல்லையே" என்று சொல்பவர்களைப் பார்க்க முடிகிறது. அந்த இடத்திலேயே நிதானமாகக் கேளுங்கள், சீட்டில் உள்ள பிரிவையும் தொகையையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் (1996) முறையிடலாம்.

கை காட்டினால் நிறுத்துவது

2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தனர். முதலில் அது விபத்து என்றே சொல்லப்பட்டது. பிறகு துப்பாக்கிச் சூடு என்பது வெளிவந்தது. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்றது பொலிஸ் தரப்பு. பொலிஸார் ஐவர் கைதாகினர். அந்தச் சந்தியால் போகும்போது இன்றும் பலருக்கு அது நினைவு வரும்.

அதனால்தான், "கை காட்டினால் நிறுத்துங்கள்" என்ற சாதாரண வசனத்தை எங்கள் வாசகர்களுக்கு எழுதுவது சாதாரண வேலையாக இல்லை. பயந்து ஓடுவதற்கு நியாயமான காரணம் உள்ளவர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் நிறுத்துவதே பாதுகாப்பு. நிறுத்தாமல் முறுக்கியவர்கள் துரத்தப்பட்டு, எதிரே வந்த வாகனத்துடனோ மதகுடனோ மோதிய சம்பவங்களும் உண்டு. இரவில் மறிக்கப்பட்டால் வெளிச்சமான இடம் வரை மெதுவாகச் சென்று, சிக்னல் போட்டு, ஓரமாக நிறுத்துங்கள். பத்திரங்கள் சரியாக இருப்பவருக்கு நிறுத்துவது எளிது. தப்பி ஓடுபவர்களில் பலர் அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ இல்லாதவர்கள்.

தண்டவாளத்தை மறந்த ஊர்கள்

25,000 ரூபாவில் தொடங்கும் குற்றங்களில் ஒன்று புகையிரதக் கடவை. இதைக் கொழும்புக்காரர் வாசிப்பதற்கும் நாங்கள் வாசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளாயின. பாதை காடு மூடியது. சில இடங்களில் அதுவே வீடுகளுக்கான ஒழுங்கையானது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பி வந்தபோது, இடையில் பிறந்து வளர்ந்து இருபது வயதைத் தாண்டிய ஒரு தலைமுறை ரயிலைப் படத்தில்தான் பார்த்திருந்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் பார்ப்பது என்பது சொல்லிக்கொடுத்து வருவதல்ல, பழகி வருவது. அந்தப் பழக்கம் எங்களிடம் இருந்து அறுந்திருந்தது. கடவைகளில் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் வான்களும் அடிபட்டன. குடும்பத்தோடு போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கடவைகளில் எத்தனைக்குப் படலை இருந்தது? பல இடங்களில் ஊரவர்களே காவலாளிகளாக நிறுத்தப்பட்டனர். பொலிஸாரின் கீழ் தற்காலிக அடிப்படையில் சேர்க்கப்பட்ட அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வழங்கப்பட்டது நாளுக்கு 250 ரூபா. மாதத்துக்கு 7,500. கொட்டிலும் மலசலகூடமும் இல்லாமல், இரவும் பகலும் நின்றவர்களில் கணவனை யுத்தத்தில் இழந்த பெண்களும் இருந்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பல தடவை வீதியில் இறங்கிப் போராடினார்கள்.

கணக்குப் பார்த்தால், கடவையில் விதி மீறிய ஒருவரிடம் நீதிமன்றம் அறவிடும் ஆகக் குறைந்த தொகை, அந்தக் கடவையைக் காத்தவரின் 100 நாட் கொடுப்பனவு. சாரதியின் பொறுப்பை 25,000 என்று விலையிட்ட அரசு, தன் பொறுப்பை 250 என்று விலையிட்டிருந்தது. இதைச் சொல்வதால் சாரதியின் பொறுப்பு குறைந்துவிடாது. காவலாளி சிவப்புக் கொடி காட்டிக்கொண்டிருக்கும்போது தடியின் கீழால் மோட்டார் சைக்கிளைச் சரித்துக் கொண்டுபோகும் இளைஞர்களை எவரும் பார்க்கலாம். அவர்களுக்கு அந்தத் தண்டம் தகும்.

பெடியனுக்கு வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிள்

சாரதியின் பொறுப்பு என்று பேசும்போது பலர் வேகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது பத்திரங்கள்.

2009இல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களிடம் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் எஞ்சியிருக்குமா? பிறப்புச் சான்றிதழே இல்லாமல் மெனிக்பாமுக்குப் போனவர்கள் அவர்கள். பிறகு நடமாடும் சேவைகளில் அடையாள அட்டை எடுத்தார்கள், பிறப்புப் பதிவு எடுத்தார்கள். அனுமதிப்பத்திரம் கடைசி இடத்துக்குப் போனது. ஓடத் தெரியும், உழவு இயந்திரம் இருக்கிறது, வயல் இருக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்று பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அடுத்த தலைமுறைக்கும் அதே வழக்கம் தொற்றியது. உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு, வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய காசில் மோட்டார் சைக்கிள் வருகிறது, அனுமதிப்பத்திரம் வருவதில்லை.

விபத்து நடக்கும் வரை இதன் விலை தெரியாது. அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளை ஒருவரை மோதிக் காயப்படுத்தினால், நீதவான் நீதிமன்றத்தில் தண்டமும் வழக்கும் ஒரு பக்கம். காயப்பட்டவருக்கான நட்டஈடு மறுபக்கம். மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டிருப்பது, இடிபட்டவரின் குடும்பம் நடுத்தெருவில் நிற்காமல் இருக்கத்தான். அந்தக் காப்புறுதி காலாவதியாகியிருந்தால் பணம் வாகனச் சொந்தக்காரரின் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஓட்டியவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால், காப்புறுதி இருந்தும் நிறுவனத்தோடு இழுபறிப்பட வேண்டி வரும். இடிபட்டவர் கூலிக்குப் போய் நான்கு பேரைப் பார்த்தவராக இருந்தால், அந்த நான்கு பேருக்கும் பதில் சொல்லவேண்டியவர் யார்? செல்லுக்கும் விமானக் குண்டுக்கும் தப்பிவந்த ஒரு தகப்பன் பக்கத்து ஊர்ப் பெடியனின் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் போவதை ஊழ் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு காப்புறுதிப் பத்திரத்தின், ஒரு அனுமதிப்பத்திரத்தின் விடயம்.

வேலையும் பெரிதல்ல. 18 வயது, தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டுநர் பரீட்சை. எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களும், தங்களுக்கேற்ப மாற்றிய வாகனத்துக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாற்றத்தையும் திணைக்களத்தில் அங்கீகரித்துக்கொள்ள வேண்டும். மேலதிகச் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டியை அங்கீகாரமில்லாமல் ஓடி, இருக்கிற கஷ்டத்தோடு வழக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

"இயக்கத்தின்ர காலத்தில எல்லாரும் ஒழுங்காத்தானே ஓடினவை" என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். 2002 முதல் 2006 வரை ஏ9 திறந்திருந்தபோது, வன்னிக்குள் விடுதலைப் புலிகளின் காவல்துறை வேகக் கட்டுப்பாட்டில் கடுமையாக இருந்தது உண்மை, தண்டமும் எழுதினார்கள். ஆனால் அன்றைய வீதி குழியும் கிடங்கும், வாகனங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்று காப்பெற் போட்ட வீதியில் பஸ்ஸும் டிப்பரும் கட்டாக்காலி மாடும் பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரமும் ஒன்றாகப் போகின்றன. அந்த ஒப்பீடு எங்களுக்கு உதவாது.

நகரத்தில் நிறுத்துவது

யாழ்ப்பாணத்தில் தண்டம் வாங்கும் இன்னொரு வழி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவது. வைத்தியசாலை வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் பார்த்தால் மஞ்சள் கோடும் தெரியாது, நிறுத்த இடமும் இராது. பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியை இறக்க வந்தவரும் பக்கத்துக் கடைக்குச் சேலை பார்க்க வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மாடிக்கட்டடங்களுக்குத் தரிப்பிடமில்லாமல் அனுமதி கொடுத்துவிட்டு, வந்து நிற்பவரிடம் மட்டும் தண்டம் கேட்பது எந்தச் சபைக்கும் அழகல்ல. இருந்தாலும், நோயாளர் காவுவண்டி வாசலில் திரும்ப முடியாமல் சைரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, வழியில் நிற்கும் காரின் சொந்தக்காரருக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது.

எல்லோருக்கும் ஒரே தொகை

3,000 ரூபா என்பது கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து வாடகைக்குக் கார் எடுத்து ஓடும் ஒருவருக்குப் பொருட்டே அல்ல. தருமபுரத்தில் கல்லரியும் ஒருவருக்கு அது வீட்டின் அரிசி. பின்லாந்தில் வேகத் தண்டத்தை ஒருவரின் வருமானத்துக்கேற்பக் கணக்கிடுகிறார்கள். பணக்காரருக்கும் அது வலிக்கும். இங்கே அப்படியொரு யோசனை பேசப்படுவதுகூட இல்லை. இன்னொன்றும் நடக்கலாம். 2018இல் நிர்ணயித்த தொகைகள் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெறுமதி இழந்துவிட்டன. ஒரு தேநீரின் விலையே எங்கேயோ போய்விட்டது. ஆகவே தண்டங்களை மறுபடி உயர்த்தும் பேச்சு வரத்தான் செய்யும். அப்போது தொகையைப் பற்றி மட்டும் சண்டை பிடிக்காமல், பணம் எங்கே போகிறது என்றும் கேட்கவேண்டும். நீதிமன்றத் தண்டப்பணம் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபையின் வருமானங்களில் ஒன்று. அந்தப் பணத்தில் எத்தனை கடவைக்குப் படலை, எத்தனை பாடசாலை வாசலுக்கு வெள்ளைக் கோடு என்று சபையில் எழுந்து கேட்பதற்கு, 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு மறுபடி தேர்தல் நடந்திருக்கவேண்டும்.

கடைசியாக, விரைவில் பலருக்குத் தலையிடி தரப்போகும் ஒன்று. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பில் கண்காணிப்புக் கமெராவில் பதிவாகும் வீதிக் குற்றங்களுக்கு, இலக்கத் தகட்டை வைத்து வாகனச் சொந்தக்காரரைத் தேடி அறிவித்தல் அனுப்புகிறார்கள். பொதுமக்கள் வீடியோ எடுத்து அனுப்பும் செயலியையும் பொலிஸார் 2025இல் அறிமுகப்படுத்தினர். இனி மறிப்பவரோடு கதைத்து முடிக்கும் காலம் போய், வீட்டுக்குக் கடிதம் வரும் காலம்.

கடிதம் யாருடைய வீட்டுக்கு வரும் என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் ஓடும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் உழவு இயந்திரங்களிலும் எத்தனையோ 'ஓப்பின் பேப்பரில்' கைமாறியவை. விற்றவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார். வாங்கியவர் பெயர் மாற்றாமல் இன்னொருவருக்கு விற்றிருப்பார். புத்தகத்தில் உள்ள பெயர்க்காரர் பிரான்சிலும் இருக்கலாம், காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலிலும் இருக்கலாம். விற்றவராக இருந்தால், உடைமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியையும் திகதியிட்ட கையெழுத்தையும் வைத்திருங்கள். வாங்கியவராக இருந்தால், கையெழுத்து வைக்கக்கூடியவர் ஊரில் இருக்கும்போதே பெயரை மாற்றுங்கள். பெயருக்குரியவர் இறந்துவிட்டாலோ காணாமல் போயிருந்தாலோ, இறப்புப் பதிவு அல்லது காணாமற்போனமைக்கான சான்றிதழுடன் அவரது குடும்பத்தினர் மாவட்டச் செயலகத்தில் உள்ள திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். அவசரத்தில் வேறொருவரைக் கொண்டு அந்தக் கையெழுத்தைப் போடுவிக்காதீர்கள். அது தண்டச் சீட்டோடு முடிகிற குற்றமல்ல.